வரிசை எண் முன்னூற்றுப் பன்னிரண்டு

அந்த வார்டில் நாய்கள்கூட லிஸ்ட்டக்காவைப் பார்த்துக் குரைப்பதில்லை. குரைத்தால் பேரை வெட்டிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம் என்று சொல்வார்கள். பதினான்கு வருஷமாக, மழை விட்டதும் விடாததுமாகத் தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் வாக்காளர் பட்டியல், டப்பாவில் நாலு ரொட்டி, கையில் மூடி தொலைந்த பேனா என்று ஆயிரத்து நூறு வீட்டுப் படி ஏறி இறங்குகிறவள். வார்டு அலுவலகத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை. பட்டியல் வேலை அதற்கு மேல் தலையில் வைத்தது. ஒருமுறை வைத்த பிறகு யாரும் இறக்கவில்லை.

அந்த வேலையில் அவள் பார்க்காத வேடிக்கை இல்லை. ஒரு வீட்டில் கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து, "நாங்க நாலு பேர்" என்று குரல் வந்தது. நல்ல மழை. வாசலிலேயே நின்று நாலு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். மறுவாரம் பேர் கேட்கப் போனால் அங்கே இருந்தது மூன்று பேர். நாலாவது கிளி. பதில் சொன்னதும் அதுதான். கிளியை அடித்துவிட்டு மூன்று என்று திருத்தினாள். கிளியை என்றால் பட்டியலில். அதற்குள் விஷயம் வெளியே போய், இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து அதற்குக் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொரு தெருவில் ஒரு கொத்தனார். அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர் கை தவறி அவரை இறந்தவர் என்று எழுதிவிட்டார். கொத்தனார் தினமும் காலையில் அலுவலகத்துக்கு வந்து, தான் உயிரோடு இருப்பதாகச் சொல்வார். தலைமை எழுத்தர் அதற்கு அத்தாட்சி கேட்பார். எதைக் கொண்டுவந்தாலும் மூன்று நகல் கேட்பது தலைமை எழுத்தரின் வழக்கம். ஊரில் அவருக்குப் பேரே மூணு காப்பி. ஒரு வருஷம் இப்படி நடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை கொத்தனார் உயிரோடு இருப்பது நிரூபணமானது. வெள்ளிக்கிழமை அவர் இறந்துபோனார். மகன் வந்து பேரை வெட்டச் சொன்னபோது மூணு காப்பி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து, "மொதல்ல இருந்த மாதிரியே விட்டிருந்தா எவ்வளவு வேலை மிச்சம்" என்றார்.

இப்படிப்பட்ட கூத்து எல்லா ஊரிலும் நடந்திருக்கும் போல. போன வருஷம் ஒரு சட்டம் வந்தது. முன்பெல்லாம் பட்டியலில் பிழை இருந்தால் பிழை திருத்தப்படும். புதுச் சட்டத்தில் பிழை செய்தவரும் திருத்தப்படுவார். இருக்கக் கூடாத பேரைத் தெரிந்தே வைத்திருந்தாலும், இருக்க வேண்டிய பேரைத் தெரிந்தே எடுத்தாலும் சம்பந்தப்பட்ட ஊழியருக்கு வேலை போகும். ஒரு வருஷம் வரை உள்ளேயும் இருக்கலாம். ஓட்டுச் சாவடியில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. அலுவலகக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தை எழுந்து நின்று உரக்கப் படித்தவள் லிஸ்ட்டக்கா. தொண்டை நன்றாக இருக்கிறது என்று அவளைப் படிக்கச் சொன்னார்கள். 'தெரிந்தே' என்ற இடத்தில் அவளுக்கு இருமல் வந்தது. மூணு காப்பி தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் அதை மாமனாரிடம் சொன்னாள். மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சோற்றுக்குப் பருப்பு தாளித்துக்கொண்டே கேட்டார்.

"பஸ் பள்ளத்துல விழுந்தா கண்டக்டருக்கு ஒரு மெமோ, டிரைவருக்கு ஒரு மெமோ. ரோடு போட்டவனுக்கு மாலை. அந்த மாதிரிச் சட்டம்தானே?"

"அப்படியில்ல மாமா. நல்ல சட்டம்தான். யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும்ல?"

"சொல்லட்டும். கேக்குறவன் பதில் சொல்ற எடத்துல நின்னதே இல்ல, அதான் எனக்குச் சிரிப்பு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கருகவிட்டார்.

இரண்டு பேருமே அதற்கு மேல் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் வரிசை எண் முன்னூற்றுப் பன்னிரண்டு.

அது அவளுடைய புருஷன். தகரப் பட்டறையில் டிரங்குப் பெட்டி செய்கிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பக்கத்து ஊருக்குப் போய்த் தகரம் எடுத்து வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான். ஓடிப்போகிறவன் தட்டைக் கழுவ மாட்டான் என்று போலீஸ்காரரிடம் மாமனார் எவ்வளவோ சொன்னார். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. தகரக் கடைக்கு அவன் போய்ச் சேரவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. ஆஸ்பத்திரி, பிணவறை, ஸ்டேஷன், டிப்போ என்று அவன் அப்பனும் அவன் பெண்டாட்டியுமாக இரண்டு வருஷம் அலைந்தார்கள். மாமியார் அந்த அலைச்சலைப் பார்த்தபடியே மூன்றாம் வருஷம் கண்ணை மூடினாள். அவள் பேரை அடுத்த மாதமே லிஸ்ட்டக்கா வெட்டினாள். விண்ணப்பத்தில் மாமனார் கையெழுத்துப் போட்டார். சட்டம் சட்டம்தான்.

புருஷன் பேரில் மட்டும் கை வரவில்லை. ஆறு மாதம் ஆளைக் காணோம் என்றால் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்க வீட்டு ஆள் ஒருவர் தகவல் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதி. மாமியார் போன பிறகு வீட்டில் மீதி இருந்தது இரண்டு பேர். அவள் ஊழியர், போட முடியாது. மாமனார் போடவில்லை.

ஒவ்வொரு வருஷமும் வார்டு முழுக்க முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்கு வருவாள். பையோடு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமல், தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவாள். மாமனார் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வந்து திறப்பார்.

"வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கேன். வீட்ல எத்தனை பேருங்க?"

"மூணு பேருங்க. ஒருத்தர் வெளிய போயிருக்கார்."

"எப்ப வருவாரு?"

"வர்ற நேரம்தான்."

'உண்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே வருவாள். மாமியார் இருந்தவரை நாலு பேர் என்பார், அதற்குப் பிறகுதான் மூணு. முதல் வருஷம் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. நாலாம் வருஷத்துக்குப் பிறகு அது அவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ஒரு காரியமாகிவிட்டது. புதுச் சட்டம் வந்த வருஷம் கதவைத் தட்டவும் தோன்றவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. தட்டினாள். "மூணு பேருங்க" என்றார் அவர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக. டிக் போட்டாள்.

பிறகு தேர்தல் வந்தது, போனது. தோற்றவர், செத்தவனும் காணாமல் போனவனும் ஓட்டுப் போட்டுவிட்டான் என்று புகார் கொடுத்தார். தோற்றவர் எல்லோரும் சொல்வதுதானே என்று அலுவலகத்தில் டீ குடித்தார்கள். மறுநாள் மூணு காப்பி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அவர் எதற்கும் நகல் கேட்கவில்லை.

"இங்க பாரும்மா. முன்னூத்திப் பன்னெண்டுல ஓட்டு விழுந்திருக்கு."

"எந்த முன்னூத்திப் பன்னெண்டு?"

"உன் முன்னூத்திப் பன்னெண்டுதான். பதிவேட்டுல ரேகை இருக்கு. புதன்கிழமை பெரிய ஆபீஸ்ல விசாரணை. உன்னையும் மாமனாரையும் வரச் சொல்லியிருக்காங்க."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மாமனாரிடம் ஓட்டு விழுந்த சேதியை மட்டும் சொன்னாள். அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"வந்திருக்கானா?"

"மாமா, யாரோ கள்ள ஓட்டுப் போட்டிருப்பாங்க. பேர் சும்மா கெடந்துச்சுல்ல."

"ரேகை எந்தக் கை?"

"இடது."

"இடது பெருவிரலா?"

அவர் கேட்டதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பட்டறையில் தகரம் வழுக்கி அவன் இடது பெருவிரலைக் குறுக்காகக் கிழித்துவிட்டது. ஆறு தையல். தோல் கோணலாகச் சேர்ந்து, ரேகையின் நடுவே வாய்க்கால் வெட்டியது போல ஒரு கோடு நின்றுவிட்டது. அந்த விரலை எங்கே வைத்தாலும் அந்தக் கோடு விழும். கண்ணாடி டம்ளரில்கூட அவன் குடித்தது எது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்போ பாத்தாத் தெரிஞ்சுடும்" என்றார் மாமனார்.

அதிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போய் மை வாங்கி வந்து தலைக்கும் மீசைக்கும் பூசிக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் தலை முழுக்கப் பஞ்சாகிவிட்டதாம். திடீரென்று வந்து நின்றால் பையன் யாரோ என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவானாம். "ஒருவேளை ஓட்டுப் போட்டன்னிக்கு வந்து, வாசல்ல என்னைப் பாத்துட்டு, வீடு மாறி வந்துட்டோம்னு போயிருப்பான்" என்று அவளிடமே சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. மை காதில், கழுத்தில், தலையணை உறையில் எல்லாம் ஒட்டியது. அவள் உறையைத் துவைத்துப் போட்டாள், போகவில்லை.

அவளுக்கோ கணக்கு வேறு. ரேகை அவனுடையது என்றால், ஒன்பது வருஷம் அவள் போட்ட டிக் எல்லாம் சரி. வேலை தப்பும். இல்லை என்றால் எல்லாம் பொய். அந்த வீட்டில் அடுப்பெரிவது அவள் வேலையில்தான். ரேகை அவனுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பாள். நினைத்த உடனே இன்னொன்று நினைவுக்கு வரும். சாவடி இருந்த பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விசாரணைக்குக் கட்டப் புடவை தேய்க்கக் கொண்டுபோனாள். வெயில் கொளுத்தியது. இஸ்திரிக்காரம்மா வண்டி நிழலில் கரியை விசிறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் வேலை தேடிப் போய் ஏழு வருஷம் ஆகிறது. கடுதாசி இல்லை, போன் இல்லை. அவன் பேரை எடுத்தது லிஸ்ட்டக்கா.

புடவையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இஸ்திரிக்காரம்மா சொன்னாள்:

"புகார் நான் எழுதலை. ஆனா அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். உனக்கு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

லிஸ்ட்டக்கா புடவையின் மறுநுனியை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள்.

"ஆறு மாசம் ஆளைக் காணோம்னா எடுக்கணும், சட்டம், மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொன்னே. நானும் கையெழுத்துப் போட்டேன். சரி, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன். அது ஒரு மாதிரி ஆறுதலாத்தான் இருந்துச்சு. உன் புருஷன் பேர் இன்னும் இருக்குன்னு போன மாசந்தான் தெரியும்."

"எனக்குக் கை வரலைக்கா."

"எனக்கு மட்டும் வந்துச்சா?"

இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. முந்தானை மடிப்பை இரண்டு தரம் எடுத்தாள். "நாளைக்கு நாலு பேர் முன்னாடி நிக்கணும். மடிப்பு நல்லா விழணும்" என்று சொல்லிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

புதன்கிழமை பெரிய அலுவலகத்தில் மின்விசிறி ஓடியது; காற்று மட்டும் வரவில்லை. விசாரணை அதிகாரி லிஸ்ட்டக்காவைவிடப் பத்து வயது சின்னவள். ஜலதோஷம். மேஜையில் ஒரு கைக்குட்டை, ஒரு மை டப்பா, அரக்கு முத்திரை வைத்த உறையில் பதிவேடு. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. மாமனார் அவளை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்வையில் மை கரைந்து அவர் காதோரம் கறுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒப்பிட்டுப் பாக்க அவரோட பழைய ரேகை எதுவும் எங்ககிட்ட இல்ல" என்றாள் அதிகாரி. "கார்டுல போட்டோவும் கையெழுத்தும்தான் இருக்கு. அதனால வீட்டு ஆள் சாட்சிதான். நல்லா பாருங்க. அவர் ரேகைன்னா புகார் தள்ளுபடி. இல்லன்னா அம்மா, நீங்க பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டம் உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

"நான்தான் மேடம் ஆபீஸ்ல படிச்சேன்."

அதிகாரி அரக்கை உடைத்து, பக்கத்தைத் திருப்பி, ஸ்கேலை வைத்துக் காட்டினாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல். நன்றாக அழுத்தி வைத்திருந்தார்கள். சுழி சுழியாக, ஒன்றுக்குள் ஒன்றாக, எல்லா வட்டமும் முழுசாக இருந்தது. ஒரு வெட்டு இல்லை. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிற கை.

மாமனார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்காலி முதுகில் இருந்த கை விலகியதை அவள் உணர்ந்தாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"என் பையன்தான்" என்றார் மாமனார்.

"நிச்சயமாவா?"

"பெத்தவனுக்குத் தெரியாதா? அவனேதான். எழுதிக்குங்க."

பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்கிற அதே குரல். முப்பத்திரண்டு வருஷம் பொய்யும் மெய்யும் ஒரே மாதிரி சொல்லிப் பழகின குரல். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். இன்னும் இரண்டு வரி எழுதி முடித்தால் வேலை தப்பும், சம்பளம் வரும், கிழவர் ஜெயில் வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டியிருக்காது. லிஸ்ட்டக்கா பேனா நகர்வதைப் பார்த்தாள். 'மேற்படி நபர் தேர்தல் நாளன்று நேரில் வந்து, வரிசையில் நின்று…'

"மேடம், அதை எழுதாதீங்க."

அதிகாரி நிமிர்ந்தாள்.

"அது அவர் ரேகை இல்ல. அவருக்கு அந்த வெரல்ல தையல் போட்ட தழும்பு இருக்கு."

"ஏம்மா" என்றார் மாமனார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றாள் அதிகாரி. "அப்ப ஒன்பது வருஷமா நீங்க போட்டது?"

"தெரிஞ்சேதான் போட்டேன். தெரிஞ்சேன்னே எழுதிக்குங்க."

"பெரியவர் அடையாளம் சொல்லிட்டாரு. நீங்க சும்மா இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்."

லிஸ்ட்டக்கா புடவை மடிப்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவர் வந்தாருன்னு எழுதுனா, ரெண்டாவது தெரு வரைக்கும் வந்து ஓட்டு மட்டும் போட்டுட்டு வீட்டுக்கு வராமத் திரும்பிப் போனாருன்னு ஆகும் மேடம். அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்ல. தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போனவரு. என் வேலைக்காக அவரை அப்படி எழுத வேண்டாம்."

அதிகாரி எழுதின தாளைக் கிழித்துப் போட்டாள்.

"பெரியவரே, பொய் சாட்சின்னா உங்களுக்கும் கேஸ் ஆகும், தெரியுமா?"

"தெரியும்மா. பஸ்ல துண்டைப் போட்டு வெச்சா, ஆள் வர்ற வரைக்கும் அந்த சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்க. அப்படித்தான் வெச்சிருந்தோம். எவனோ உக்காந்துட்டான்."

அதிகாரி அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. லிஸ்ட்டக்காவின் வாக்குமூலத்தைப் புதுத் தாளில் எழுதினாள். அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே தற்காலிக நீக்கம், மற்றது மேலிடம் முடிவு செய்யும் என்று அதிகாரி சொன்னாள். லிஸ்ட்டக்கா துணிப்பையிலிருந்து பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பை வெறும் துணியாகத் தொங்கியது.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்று அதிகாரி ஒரு விண்ணப்பத்தை மாமனார் பக்கம் தள்ளினாள். "பேரை எடுக்கணும். வீட்டு ஆள்தான் பூர்த்தி பண்ணணும்."

ஊருக்கெல்லாம் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தவள் வாயைத் திறக்கவில்லை. கட்டம் இரண்டு. இடம் மாறினார் என்று டிக் போட்டால் விலாசம் கேட்கும். இறந்தார் என்று டிக் போட்டால் தேதி கேட்கும். மாமனார் பேனாவை இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். தேதி இருந்த இடத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து நிதானமாக எழுதினார். கீழே தகவல் தருபவர், உறவு: தகப்பன். கையெழுத்து.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பெரியவரே, இன்னைக்குத் தேதி போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. காலையில வரைக்கும் இருந்தான்."

அவள் திருத்தச் சொல்லவில்லை. புதுத் தாளும் எடுக்கவில்லை. 'பெறப்பட்டது' முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, தாளின் மூலையில் குத்தினாள். அதன் கீழே, விதிப்படி, நேரத்தையும் எழுதினாள். பதினொன்று நாற்பது.